எண்ணிக்கை சரியாக இருந்தவர்

எங்கள் ஆஸ்பத்திரியில், லிஃப்ட் இல்லாத மாடியில் இருக்கும் அந்தப் பகுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டோக்கன் எண்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். "டாக்டர் வந்துட்டாரா?" "இன்னும் இல்ல." அத்தோடு சரி. எச்.ஐ.வி.க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களின் பெஞ்ச் அது. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். மாதா மாதம் பார்க்கிற முகத்தை வெறும் எண்ணாக நினைக்க என்னால் முடியாது. அதனால் மனசுக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வேன். மஞ்சள் குடை, பூட்டுக்காரர், சிரிப்பு டீச்சர், அவசரம். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஜன்னல் அக்கா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருக்கிறதாம். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்பது எனக்கே தெரியும், அதனால் அந்தப் பெயரை நான் விசாரித்ததில்லை.

இது லிஃப்ட்காரரின் கதை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க அக்கா. ஆனா டப்பா சமாச்சாரத்த விட்டுடாதீங்க" என்றார். விடப்போவதில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது.

லிஃப்ட்காரர் நிஜமாகவே லிஃப்ட் மெக்கானிக். முதன்முதல் என் ஜன்னலுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல உயரம். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைகளுக்குள் குனிந்து குனிந்து போய்ப் பழகியதால் எங்கள் வாசலிலும் குனிந்துதான் நுழைவார். எங்கள் வாசல் யானை நுழையலாம் போல இருக்கும். விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் கறுப்பு. அவருக்கு விலாவில் அக்கி வந்திருக்கிறது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு கடுமையாக அக்கி வந்தால் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பார்த்ததில் வந்த பதில்தான் அவரை எங்களிடம் அனுப்பியது.

புதிதாக வருகிறவர்கள் ஜன்னலில் நிற்கும்போது நான் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. இவர் அப்படி இல்லை. மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு கேள்வி கேட்டார்.

"இது எத்தன வருஷம் ஓடும் மேடம்?"

"எது, மாத்திரை டப்பாவா?"

"நான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். அப்படிப்பட்ட நேரத்திலும் சிரிக்கத் தெரிந்த மனிதர் என்று அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. "தினமும் ஒரு மாத்திரை. ஒழுங்கா போட்டா மத்தவங்க எவ்வளவு ஓடுறாங்களோ அவ்வளவு நீங்களும் ஓடலாம்" என்றேன். கிருமி உடம்பை விட்டு அடியோடு போகாது, ஆனால் மாத்திரை அதை அமுக்கி வைத்திருக்கும். சோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது குறைந்துவிட்டால், மாத்திரையை விடாத வரைக்கும் அவரிடமிருந்து அவர் மனைவிக்கும் போகாது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். இதையெல்லாம் சொன்னேன்.

"அதாவது, நல்லா இருக்கும்போதும் போடணும்."

"நல்லா இருக்கறதுக்காகத்தான் போடணும்."

"புரியுது. நின்னுபோன லிஃப்ட யார் வேணா வந்து பாப்பாங்க. ஓடிட்டு இருக்கறத மாசா மாசம் பாக்கறதுதான் எங்க வேலையே."

இவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் கோட்டைவிட்டேன். எத்தனை மணிக்கு வீட்டில் நிம்மதியாக இருப்பீர்கள் என்று கேட்டேன். ராத்திரி ஒன்பது என்றார். எல்லாரிடமும் சொல்வதைப் போல அவரிடமும் விரலை ஆட்டிச் சொன்னேன்: "அப்ப ஒன்பதுன்னா ஒன்பது. ஒன்பதே காலும் கிடையாது, பத்தும் கிடையாது. விட்டுப்போச்சுன்னு மறுநாள் ரெண்டா சேத்துப் போடவும் கூடாது." அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 9.00 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். என் பேச்சை இப்படி மதித்து எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. நான் வைத்த பெயர் கிளார்க்கம்மா. நான்கு வருஷத்துக்கு முன்பு கம்பெனி லிஃப்ட்காரரை ஒரு வருஷம் வேறு ஊருக்கு அனுப்பியிருந்தது. அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம். திரும்பி வந்ததும் அதை முடித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்துவிட்டார். இப்போது ரத்தச் சோதனைதான் அவர் வாயைத் திறந்தது. யாருக்கு எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்பதில்லை, அது ஜன்னலின் வேலை இல்லை. ஆனால் கிளார்க்கம்மா மறுநாள் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து, நான் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"நோய் வந்ததுக்குக்கூட எனக்குக் கோபம் இல்லீங்க. மூணு வருஷம் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே சோறு தின்னாரே, அதுக்குத்தான்."

கிளார்க்கம்மாவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இல்லை. ஆனால் அவருடைய அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார். ஒன்பது வயதில் ஒரே பெண். பெண்ணின் படிப்பு நடுவில் கெடக் கூடாது என்று கிளார்க்கம்மா ஒரு கணக்குப் போட்டார். இந்த வருஷப் பரீட்சை முடிகிறவரை ஒரே வீட்டில் இருப்பது. கணவருக்கு முன்னறை, அம்மாவுக்கும் பெண்ணுக்கும் உள்ளறை. நிபந்தனை இரண்டு. மாத்திரை ஒருநாள் தவறக் கூடாது. இனி எதையும் மறைக்கக் கூடாது. பரீட்சை முடிந்ததும் முடிவு.

ஆக, லிஃப்ட்காரருக்கு இருந்தது பத்து மாத அவகாசம். அதற்குள் கிருமி அடங்க வேண்டும், அவர் மேல் கிளார்க்கம்மாவுக்கு நம்பிக்கையும் திரும்ப வேண்டும். முதலாவது எங்கள் கையில், இரண்டாவது அவர் கையில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாரம் தலைவலி. தூக்கத்தில் விசித்திரமான கனவுகள். "லிஃப்ட் மேலயும் போகல கீழயும் போகல, பக்கவாட்டுல போகுது அக்கா. நான் ரிப்பேர் பண்ணப் போனா, சரியாத்தான் ஓடுதுன்னு உள்ள இருக்கறவங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார். புது மாத்திரை ஆரம்பத்தில் சிலருக்கு இப்படிச் செய்யும், தானாகப் போய்விடும் என்றேன். போய்விட்டது. அக்கி ஆறி, தழும்பு மட்டும் நின்றது. உடம்பு தேறியது. மேடம் என்று கூப்பிட்டவர் எப்போது அக்காவுக்கு வந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் ஜன்னலில் ஒரு பழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை வரும்போது பழைய டப்பாவையும் கொண்டுவர வேண்டும். மிச்சமிருக்கும் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, கத்தி போன்ற ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவேன். எத்தனை மிச்சம் இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் குடைக்கு எப்போதும் இரண்டு மூன்று கூடவே இருக்கும், என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவார். அவசரம் டப்பாவையே மறந்துவிட்டு வருவார். லிஃப்ட்காரருக்கு ஆறு மாதமும் சரியான எண்ணிக்கை. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "ஒண்ணுகூட விடல அக்கா" என்பார். அவரைக் காட்டி நான் மற்றவர்களைக் கிண்டல் செய்தேன். "அந்த லிஃப்ட்காரரப் பாத்துக் கத்துக்குங்க" என்று மஞ்சள் குடையிடம் சொன்ன என் வாயை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஆறாவது மாதம் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அநேகமாக ஒன்றும் தெரியக் கூடாது. அவருக்கு இருபத்திரண்டாயிரம் என்று வந்தது.

டாக்டர் தாளோடு என் அறைக்கே வந்துவிட்டார். "ஒண்ணு, மாத்திரை வேலை செய்யல. இல்லன்னா உள்ள போகல. எதுன்னு தெரியாம நான் மருந்த மாத்த மாட்டேன். நீங்கதான் மாசா மாசம் பாக்கறீங்க, பேசிப் பாருங்க" என்றார். எண்ணிக்கை சரி சார் என்றேன். "எண்ணிக்கை சரின்னா ரத்தம் பொய் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாதா மாதம் எண்ணிக்கை எழுதிய பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆறு மாதமும் சரி, சரி, சரி. பதினெட்டு வருஷத்தில் ஆறு மாதம் தொடர்ந்து ஒன்றுகூடப் பிசகாதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மனிதர்கள் என்றால் ஒருநாள் காய்ச்சல் வரும், ஒருநாள் கல்யாண வீட்டில் தங்கிவிடுவார்கள், ஒரு மாத்திரை கைதவறிச் சாக்கடையில் விழும். இவருக்கு எதுவுமே நடக்கவில்லையா? இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

லிஃப்ட்காரர் வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரிப்போர்ட்டை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேராகக் கேட்டால் "ஒண்ணுகூட விடல" என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் தொழிலைக் கேட்டேன்.

"தம்பி, லிஃப்ட மாசா மாசம் பாத்தோம்னு எதுல எழுதுவீங்க?"

"மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால கார்டு தொங்கும். தேதி, நேரம், என்ன பாத்தோம், கையெழுத்து."

"போகாமலே கையெழுத்துப் போடறவங்க உண்டா?"

"உண்டு. ஒருத்தன நானே புடிச்சுக் கொடுத்திருக்கேன். பிரேக் தேஞ்சு போயிருந்துது, கார்டுல மாசம் தவறாம 'சரி'ன்னு இருந்துது."

"பொய்க் கார்டுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தொழில் பேச்சு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தாலே தெரியும் அக்கா. நெஜமா வேலை செஞ்ச கார்டுன்னா அழுக்கா இருக்கும். கிரீஸ் விரல் பதிஞ்சிருக்கும். ஒரு மாசம் நீல மை, ஒரு மாசம் கறுப்பு. ஒரு மாசம் அஞ்சாம் தேதி வரமுடியாம ஒன்பதாம் தேதி வந்திருப்போம், அதையும் எழுதியிருப்போம். எங்கயாவது ஒரு இடத்துல 'சாமான் இல்ல, அடுத்த வாரம்'னு இருக்கும். பொய்க் கார்டு சுத்தமா இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறு சீட்டுகளையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். சரி, சரி, சரி, சரி, சரி, சரி.

லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். வெளியே டோக்கன் மணி இரண்டு தடவை அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"வெளில எடுத்துட்டுப் போவேன் அக்கா" என்றார் கடைசியில். "சாப்பிட மாட்டேன்."

பிறகு சொன்னார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவருக்கு ராத்திரி டியூட்டி. முதல்நாள் ஒன்பது என்று சொன்னது பகல் டியூட்டி வாரத்தை நினைத்து. சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டு வரை கம்பெனியின் சர்வீஸ் அறையில் கூட்டாளியோடு இருக்க வேண்டும். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஓட வேண்டும். டியூட்டி வாரத்தில் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது கிளார்க்கம்மா கண்ணெதிரே டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எண்ணிக்கையில் அது கழிந்துவிடும். அழைப்பு வராத ராத்திரியில் வெளியே போய் ஒன்பதுக்குப் போட்டுக்கொள்வார். ஆனால் ராத்திரி எட்டிலிருந்து பத்துவரைதான் ஜனங்கள் வீடு திரும்பும் நேரம், லிஃப்ட் நிற்பதும் அப்போதுதான். ஒன்பது மணிக்கு இவர் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் உச்சியில் கூட்டாளியோடு தோளுக்குத் தோள் நின்றுகொண்டிருப்பார். மாத்திரையை எடுத்தால் என்ன ஏது என்று அவன் கேட்பான். அறைக்குத் திரும்பும்போது மணி பத்தரை, பதினொன்று.

"பதினோரு மணிக்குப் போட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன்பதுன்னா ஒன்பது, பத்தும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

"கம்பெனி வச்சு சீல் போட்ட செட்டிங்க எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டோம் அக்கா. வேகம், பிரேக் எதா இருந்தாலும், தொட்டா வேற எங்கயாவது அடி வாங்கும். ஒன்பதும் அப்படித்தான்னு நெனச்சேன். நேரம் தப்பினா அந்த நாள் போச்சு, தப்பின நேரத்துல போட்டா கெடுதல்னு நெனச்சேன். உங்கள கேக்கலாம்னு ரெண்டு தடவ வாயெடுத்தேன். கேட்டா, விட்டேன்னு சொல்லணும். சொன்னா வீட்டுக்குத் தெரியும்."

"ஒன்பத யாரு வச்சது தம்பி? நீங்கதான் வச்சீங்க. எப்ப வீட்டுல இருப்பீங்கன்னு கேட்டேன், நீங்க ஒன்பதுன்னீங்க. எட்டுன்னு சொல்லியிருந்தா எட்டு. காலைலன்னு சொல்லியிருந்தா காலைல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விரலை ஆட்டி ஆட்டி ஒரு நல்ல மனிதரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன். தினமும் ஏறக்குறைய ஒரே நேரம் என்பது மறக்காமல் இருப்பதற்காகத்தான், தவறிவிட்டால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம், அடுத்த மாத்திரை நேரம் நெருங்கிவிட்டால் மட்டும் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. சொல்லாதது என் தப்பு. அதை அவரிடமே சொன்னேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

அப்புறம் இருவரும் வேலையைப் பார்த்தோம். டியூட்டி வாரத்தில் காலை எட்டரைக்கு வீடு வந்துவிடுவார். மற்ற வாரம் ஒன்பதுக்குத்தான் கிளம்புவார். இரண்டு வாரத்துக்கும் பொதுவாக எட்டே முக்கால். சட்டைப் பையில் உபரியாக ஒரு மாத்திரை, எங்காவது மாட்டிக்கொண்டால் கைக்கு உதவ. நோட்டை எடுத்து எழுதப்போனார். "வட்டம் போடாதீங்க" என்றேன். டாக்டர் வந்து, மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டு மறுபடி சோதிப்போம், அப்போதும் அடங்காவிட்டால் கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிட்டதா என்று பார்த்து மாற்றுவோம், வழி இருக்கிறது என்றார்.

எழுந்து போகும்போது லிஃப்ட்காரர் கேட்டார்: "வீட்டுல சொல்வீங்களா?"

"மாட்டேன். உங்க விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. நீங்க சொல்லணும்னுகூட நான் சொல்ல மாட்டேன்."

"அந்த மாத்திரையெல்லாம் தூக்கிப் போடல அக்கா. மருந்தத் தூக்கிப் போட மனசு வரல. லாக்கர்ல ஒரு கிரீஸ் டப்பாவுல இருக்கு."

பத்து நாள் கழித்து, மதியம் ஜன்னலைச் சாத்தப்போகிற நேரத்தில் கிளார்க்கம்மா தனியாக வந்து நின்றார். கையில் ஒரு தகர டப்பா. ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். கிரீஸ் வாசனை. திறந்து தட்டில் கொட்டி, பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஐம்பத்தேழு.

"ஐம்பத்தெட்டு" என்றார் அவர். "ஒண்ணு கிடைக்கல."

"ஏன்?"

"டப்பாவத் தூக்கி செவத்துல அடிச்சேன். எல்லாம் கட்டிலுக்கடியில, பீரோவுக்கடியில ஓடிப்போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். அரைமணி நேரம்."

நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டை அழுத்திக்கொண்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"முந்தாநாள் நான் லீவு. பொண்ணு ஸ்கூலுக்குப் போனதும் டப்பாவ மேஜ மேல வச்சாரு. நான் எதுவும் கேக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க சொல்ல மாட்டேன்னுட்டீங்களாமே. நேரத்த மாத்தினதுக்கு ஏதாவது காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். மூணு மாசத்துல ரிப்போர்ட் சரியா வந்திருக்கும். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"ஆமா."

"கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். தினமும் சாயங்காலம் 'நேத்து போட்டீங்களா'ன்னு கேட்டப்பல்லாம் 'ஆச்சு'ன்னீங்களேன்னு கேட்டேன். கோபம் இன்னும் போகல, போனதா எழுதிக்காதீங்க." நான் எதையும் எழுதவில்லை. அவர் அலுவலகப் பழக்கத்தில் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். "ஆனா முதல் விஷயம் அவர்கிட்டேர்ந்து தானா வரல. நோய் வந்து கக்க வச்சுது. இது தானா வந்தது. அதுதான் எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

"அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"முன்னாடி வரேன்னு சொல்லியிருந்தேன். இப்ப யோசிக்கறேன்னு சொல்லியிருக்கேன்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே நான் டப்பாவ எண்ண மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். எட்டேகாலுக்கு நான் கிளம்பிடுவேன். அவரா போடறாரோ இல்லையோ, அவர் பாடு" என்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

"தப்பு உங்க மேலயும் இருக்குன்னு சொன்னாரு."

"இருக்கு."

என்னை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் மேல் எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை.

அடுத்த மூன்று மாதத்தில் லிஃப்ட்காரரின் எண்ணிக்கை ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. முதல் மாதம் ஒன்று அதிகம். "பதினேழாம் தேதி. ஒரு பெரிய கட்டடத்துல ராத்திரி வேல மதியம் வரைக்கும் இழுத்துடுச்சு. பையில வச்சிருந்தது முந்தின நாள் மழையில நனைஞ்சு மாவாயிடுச்சு. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் போட்டேன். நனைஞ்சதுக்குப் பதிலா இன்னொண்ணு..." என்று ஆரம்பித்து, கணக்கு உதைக்கவே, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "இல்ல அக்கா, வேற ரெண்டு நாள் விட்டிருக்கேன்" என்று தானே கண்டுபிடித்தார். இரண்டாவது மாதம் சர்வீஸ் அறையில் கூட்டாளி பையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டானாம். "தினமும் போடற மாத்திரை, ஆயுசுக்கும் போடணும்னேன். எங்கப்பாவுக்கும் அப்படித்தான் பிரஷர் மாத்திரைன்னான். அதோட முடிஞ்சுது. இதுக்கா ஆறு மாசம் பயந்தேன்னு இருந்துது" என்றார். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பது எனக்குத் தெரியும். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவரவர் விருப்பம். இவர் சொன்னது இவருக்குப் போதுமாக இருந்தது.

நானும் மாறினேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில், "தவறினா என்ன செய்வீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கிறேன். விரலை ஆட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், குறைத்திருக்கிறேன். மஞ்சள் குடை ஒருநாள், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பரீட்சை முடிந்த வாரத்தில்தான் இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. அன்று இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் நடுவில் விட்டு உட்கார்ந்தார்கள். கிளார்க்கம்மாவின் அண்ணன் மறுநாள் காலை வருவதாக இருந்தது. வந்து கூட்டிக்கொண்டு போகவா, பார்த்துவிட்டுப் போகவா என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, கிளார்க்கம்மாவும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். டோக்கனைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டேன்.

டாக்டர் அறையிலிருந்து வந்து ஜன்னலில் நின்றார்கள். அவர் தாளை நீட்டினார். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று போட்டிருந்தது. "பழைய மருந்தே போதுமாம் அக்கா" என்றார்.

கிளார்க்கம்மா என்னிடம் திரும்பினார். "டாக்டர் சொன்னாரு. நீங்களும் ஒருதடவ சொல்லுங்க. போயிடுச்சா?"

"போகல. அடங்கிடுச்சு. மாத்திரை போடற வரைக்கும் அடங்கியிருக்கும். உங்களுக்கும் வராது."

"எத்தன நாளைக்குப் போடணும்?"

"ஆயுசு முழுக்க."

"அப்ப ஆயுசு முழுக்க இந்த ஜன்னலுக்கு வரணும்."

"இங்க நான் இருக்க மாட்டேன். வேற யாராவது இருப்பாங்க. ஆனா வரணும்."

அவர் எதையோ கூட்டிக் கழிப்பதுபோல யோசித்தார். நான் வைத்த புது டப்பாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு கணவரைப் பார்க்காமல், என்னிடமே சொன்னார்:

"அப்ப இவருக்கு முட்டி போய், கண்ணும் மங்கினப்புறம், நான்தான் கையப் புடிச்சு இந்தப் படியெல்லாம் ஏத்திக் கூட்டிட்டு வரணும். லிஃப்ட் மெக்கானிக்கக் கட்டிக்கிட்டு எனக்குப் படி ஏறணும்னு விதி."

லிஃப்ட்காரருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஜன்னல் மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். ரத்தத்தில் வந்த பதிலைக் கேட்ட அன்றும், இருபத்திரண்டாயிரம் என்று தெரிந்த அன்றும் அழாதவர். கிளார்க்கம்மா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு, வேறு யாரையோ கூட்டி வந்தவர் மாதிரிச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.